ஸ்கிராப்புக் செய்யும் வரை பிரிண்ட் படங்களை எதில், எங்கே வைப்பது?

காகிதக்கப்பல்:
வணக்கம். அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் இருந்த பழைய படங்கள் எல்லாம் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு ஸ்கிராப்புக் செய்ய ஆசை. ஆனால் உடனே உட்கார முடியாது. குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று பார்க்கிறேன், எப்படியும் ஒரு வருடம் ஆகிவிடும்.

கேள்வி இதுதான். அதுவரை இந்தப் படங்களை எதில் போட்டு, எங்கே வைப்பது? அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள், 1970, 80களின் கலர் பிரிண்டுகள், வீட்டுப் பிரிண்டரில் எடுத்தவை, கொஞ்சம் போலராய்டு, எல்லாம் கலந்து இருக்கின்றன. பாதி ஷூ டப்பாவில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கின்றன. மீதி, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிவிட்டு ஒட்டுகிற பழைய ஆல்பத்தில். ஸ்கிராப்புக் என்று தேடினால் ஸ்டிக்கர், அலங்காரம், பக்க வடிவமைப்பு என்றே வருகிறது. அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

தாள்பேனா:
முதல் வேலையாக ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, கறுப்பு வெள்ளைப் படத்தில் உள்ள வெள்ளியை அது கெடுக்கும். நாளானால் இளகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் இருந்தால் அவையும் வெளியே. துருக்கறை ஏறினால் போகாது. மற்றதை இரவு வந்து எழுதுகிறேன்.

இருட்டறை:
நான் பல வருடம் லேபில் பிரிண்ட் போட்டவன். "கொஞ்ச நாளைக்கு இங்கே இருக்கட்டும்" என்று வைத்த படங்கள்தான் அதிகம் கெட்டுப்போய் எங்களிடம் வரும். ஆல்பத்தில் இருப்பதையாவது யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், டப்பாவில் இருப்பதை யாரும் திறப்பதே இல்லை. அதனால் ஒரு வருடக் கணக்கை மறந்துவிடுங்கள், தங்கச்சி. ஸ்கிராப்புக் தள்ளித் தள்ளிப் போய்ப் பத்து வருடம் ஆனாலும் படம் அப்படியே இருக்க வேண்டும் என்ற கணக்கில் வையுங்கள்.

ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. லேபில் போட்ட பிரிண்ட் வெறும் தாள் இல்லை. அதன் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது, படம் அந்தப் படலத்துக்குள்தான் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் வெள்ளித் துகள், கலரில் மூன்று சாயங்கள். ஜெலட்டின் ஈரத்தை இழுக்கும், உப்பும், பிசுபிசுக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், ஜெலட்டின் அதற்கு நல்ல தீனி. அதற்காக எலும்பாகக் காய வைத்தாலும் ஆகாது. 30 சதவீதத்துக்குக் கீழே போனால் படலம் சுருங்கி, படம் சுருண்டு, விரித்தால் வெடிக்கும். 30க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் நல்லது. சின்ன ஈரப்பத மானி ஒன்று வாங்கி, பெட்டி இருக்கும் அலமாரியில் வையுங்கள். ஊகத்தில் ஓட்ட வேண்டாம்.

கலர் பிரிண்டுக்கு இன்னொரு தொல்லை, சூடு. வெளிச்சமே படாமல் இருட்டில் வைத்தாலும் சாயம் மங்கும். உங்கள் 70, 80களின் படங்களில் முகமெல்லாம் செம்மை ஏறி, நிழல்கள் வெளுத்திருந்தால் அதுதான் காரணம். அந்தக் காலத் தாள்களில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம்தான் இருட்டில் முதலில் போகும். வெயில் படும்படி சுவரில் மாட்டிய படங்களில் வேறு சாயம் போகும், அது தனிக் கதை. வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் மங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. ஆகவே பரண் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அலமாரி வேண்டாம், சமையலறைச் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம். வீட்டுக்குள் ஆட்கள் புழங்குகிற அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், நடுத்தட்டில் வையுங்கள். தரையில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு குழாய் உடைந்தால் போதும்.

காகிதக்கப்பல்:
அண்ணா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே முகமெல்லாம் சிவந்துதான் இருக்கிறது. சூடு ஆகாது என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

இருட்டறை:
வேண்டாம். அருங்காட்சியகங்களில் குளிர் அறை வைத்திருக்கிறார்கள், உண்மைதான். அங்கே ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஈரம் அதிகம். வெளியே எடுத்தவுடன் திறந்தால் படத்தின் மேல் தண்ணீர் வேர்க்கும். காற்று புகாத பையில் போட்டு, எடுத்தபின் பையோடு அறைச் சூட்டுக்கு வரும் வரை பொறுத்துத்தான் திறக்க வேண்டும். நெகட்டிவ்களை நீண்ட நாள் மூடி வைக்க அது சரி. பொறுக்கி எடுப்பதற்கு அடிக்கடி திறக்கப் போகும் பெட்டிக்குப் பொருந்தாது.

நூல்கண்டு:
எல்லாரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் தாத்தாவின் படங்கள் 50 வருடத்துக்கும் மேலாக ஒரு தகர டப்பாவில் இருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை. ஸ்கிராப்புக் செய்கிற வரைக்கும் ஒரு டப்பா போதாதா? இதற்குப் போய் மானி, அளவு என்று போனால் புதிதாகச் செய்ய வருகிறவர்கள் ஆசையையே விட்டுவிடுவார்கள்.

இருட்டறை:
உங்கள் தாத்தா படங்கள் நன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கறுப்பு வெள்ளை, பிளாஸ்டிக் பூசாத வெறும் தாளில் போட்டது, ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) போக நன்றாகக் கழுவியது என்றால் இருட்டான, உலர்ந்த தகர டப்பாவில் அது எங்களையும் தாண்டி இருக்கும். துரு இல்லாத, பூச்சு உரியாத உலோகப் பெட்டி நல்ல பெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் கழுவல் சரியில்லாத பிரிண்ட் அதே டப்பாவில் பழுப்பேறும். கலர் பிரிண்ட் மங்கும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்தது அதைவிட வேகமாகப் போகலாம். காகிதக்கப்பலிடம் இருப்பது கலவை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்கள் டப்பாவை ஒரு முறை திறந்து, படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பான இடங்களில், ஓரத்தை ஒட்டி, நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிகிறதா? வெள்ளி காற்றோடு சேர்ந்து மேற்பரப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நேராகப் பார்த்தால் தெரியவே தெரியாது. தெரிந்தால் துடைக்க வேண்டாம், ஸ்கேன் எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள்.

தாள்பேனா:
வந்துவிட்டேன். ஒட்டும் ஆல்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்கிராப்புக் செய்கிறவர்கள் எல்லோருக்கும் முதலில் கையில் வருவது அதுதான். அட்டையில் வரிவரியாகப் பசை, மேலே பிளாஸ்டிக் தாள். அந்தப் பசை நாளாக நாளாகப் பழுப்பாகி இறுகும், அல்லது இளகிப் படத்தின் பின்னால் ஏறும். மேல் தாள் பெரும்பாலும் பி.வி.சி., அது சிதையும்போது அமிலம் கக்கும். அதனால் இந்தப் படங்களை ஸ்கிராப்புக் நாள் வரை அங்கேயே விட வேண்டாம்.

எடுப்பதற்கு முன் பக்கத்தை அப்படியே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். எந்தப் படம் எதன் பக்கத்தில் இருந்தது, ஓரத்தில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு தேவைப்படும். அப்புறம் மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலை ஒரு முழம் எடுத்து, இரண்டு கையிலும் சுற்றி, படத்தின் ஒரு மூலைக்குப் பின்னால் நுழைத்துவிடுங்கள். படத்தை அசைக்கக் கூடாது, நூல்தான் ரம்பம் மாதிரி மெதுவாகப் போய்வர வேண்டும். நூல் ஆல்பத்தின் அட்டையோடு ஒட்டிப் போகட்டும், படத்தை மேலே தூக்காதீர்கள். தூக்கினால் படத்தில் மடிப்பு விழும், ஜெலட்டின் வெடித்து ஒரு வெள்ளைக் கோடு நிற்கும், அதை எதுவும் சரிசெய்யாது. ஹேர் டிரையர் காட்டச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சூட்டில் பசை இளகி இன்னும் பரவும், படலத்துக்கும் ஆகாது. எதற்கும் அசையாத படத்தைச் சுற்றி அட்டையோடு வெட்டி எடுத்து வையுங்கள். பின்னால் பசை மிச்சம் இருந்தால் அந்தப் படத்தை மற்றவற்றோடு அடுக்காமல், தனியாகப் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள்.

காகிதக்கப்பல்:
அக்கா, நூல் வைத்துச் செய்வது தெரியவே தெரியாது. நன்றி! எந்த உறை, எந்தப் பெட்டி என்பதில்தான் குழப்பம். எல்லாவற்றிலும் "அமிலமற்றது" என்று போட்டிருக்கிறது.

சுவடிக்காவல்:
ஆவணக் காப்பு வேலையில் இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

"அமிலமற்றது" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். செய்த அன்று அமிலம் இல்லாத தாள், மரக்கூழில் உள்ள லிக்னின் நீக்கப்படாமல் இருந்தால் சில வருடத்தில் அமிலமாகும். செய்தித்தாள் பழுப்பாவது அதனால்தான். ஷூ டப்பாவும் அதே வகை அட்டை. எனவே "அமிலமற்றது, லிக்னின் இல்லாதது" இரண்டும் இருக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு, பெயர் Photographic Activity Test, சுருக்கமாக பி.ஏ.டி. என்பார்கள், ஐ.எஸ்.ஓ. 18916 என்ற தரநிலையில் வருகிறது. உறையையோ பெட்டி அட்டையையோ சோதனைப் படலத்தோடு சேர்த்து, 70 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்து, படலம் மங்குகிறதா, கறை படிகிறதா என்று பார்ப்பார்கள். தாளோடு பசையையும் மையையும்கூட இதில் சோதிக்கலாம். "பி.ஏ.டி. தேறியது" என்று எழுதியிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

பிளாஸ்டிக் உறை என்றால் பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன், பாலியெத்திலீன் மூன்றில் ஒன்று. பி.வி.சி. கூடவே கூடாது. பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் எண் போட்டிருப்பார்கள். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், 2, 4 என்றால் பாலியெத்திலீன், 3 என்றால் பி.வி.சி., அதை அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். எண் இல்லையென்றால் முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை குப்பென்று வந்தால் வேண்டாம்.

காகித உறையில் ஒன்றைக் கவனியுங்கள். மலிவான உறையில் ஒட்டுத் தையல் நடுவில் செங்குத்தாக ஓடும். அந்தப் பசை படத்தின் முகத்தைத் தொட்டபடி இருந்தால், பல வருடம் கழித்து அதே அகலத்தில், அதே நேர்கோட்டில், படத்தின் நடுவே மஞ்சள் பட்டை விழுந்திருக்கும். ஒரு குழு படத்தில் நடுவில் நிற்பவரின் முகத்தில் சரியாக அந்தப் பட்டை ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் தையல் உள்ள உறையாக வாங்குங்கள். கையில் இருப்பது நடுத்தையல் என்றால் படத்தின் முதுகு தையல் பக்கம் இருக்கட்டும்.

காகிதமா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், ஈரம் மாறிமாறி வரும் வீட்டுக்கு நான் காகிதத்தைத்தான் சொல்வேன். பிளாஸ்டிக்கில் படத்தை வெளியே எடுக்காமலே பார்க்கலாம், கைரேகை படாது. ஆனால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் பளபளப்பான படம் உறையோடு ஒட்டும்.

மழைமேகம்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் ஏற்கனவே ஒட்டிப்போன படங்கள் இருக்கின்றன. வீட்டில் தண்ணீர் புகுந்தபோது நனைந்து, கட்டாகக் காய்ந்துவிட்டன. தண்ணீரில் ஊறப் போட்டால் பிரியும் என்கிறார்களே?

இருட்டறை:
லேபில் போட்ட பிரிண்ட் என்றால் பிரியலாம், பிரியாமலும் போகலாம். வீட்டுப் பிரிண்டரில் எடுத்தது என்றால் தண்ணீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், சாய மை கரைந்துவிடும். முதலில் வெளியே தெரிகிற படங்களை ஸ்கேன் எடுங்கள். நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இந்தக் கட்டைத் தொடவே தேவையில்லை. இல்லையென்றால், போனாலும் பரவாயில்லை என்கிற ஒன்றைச் சுத்தமான குளிர்ந்த நீரில் முகம் மேலே இருக்கும்படி விட்டு, தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். இழுக்காதீர்கள். பிரிந்தால் முகம் மேலாகவே உலரட்டும். வேறு பிரதியே இல்லாத படம் என்றால் சீரமைப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டியதும் அப்படித்தான், பிடுங்காமல் கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யலாம்.

சுவடிக்காவல்:
இதைப் படிக்கும் எல்லோருக்கும்: படம் நனைந்தால் கட்டாகக் காயவே விடாதீர்கள், அப்போதுதான் ஒட்டுகிறது. லேப் பிரிண்டாக இருந்தால் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தமான நீரில் அலசி, பரப்பி உலர்த்த வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முடிக்க முடியாது என்றால், இடையில் தாள் வைத்து ஃபிரீசரில் போட்டுவிடலாம். பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

நூல்கண்டு:
இருட்டறை அண்ணா, சாய்த்துப் பார்த்தேன். நான்கு ஓரத்திலும் நீங்கள் சொன்ன பளபளப்பு இருக்கிறது. நன்றாக இருக்கின்றன என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உறை வாங்குகிறேன். டப்பாவை வைத்துக்கொள்ளலாம்தானே?

இருட்டறை:
தாராளமாக.

தாள்பேனா:
அடுக்குவதைப் பற்றி. நாலுக்கு ஆறு அங்குலப் படங்களை நிற்க வைத்து அடுக்கலாம். பெட்டி நிறைவாக இருக்க வேண்டும். தொளதொள என்றால் படம் சரிந்து வளையும், இடைவெளியை அட்டை வைத்து நிரப்புங்கள். திணித்தாலும் எடுக்கும்போது ஓரம் கிழியும். ஸ்டூடியோப் பெரிய படங்கள் படுக்கையாகத்தான். போலராய்டைத் தனியாக நிற்க வையுங்கள், அழுத்தம் ஆகாது. ஸ்கிராப்புக்குக்காக அதன் வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். அந்தப் படம் மூடிய அடுக்குகளால் ஆனது. அடி ஓரத்தில் ரசாயனப் பை இருக்கிறது, வெட்டினால் அடுக்குகள் பிரியும்.

வீட்டுப் பிரிண்டரில் எடுத்தவற்றை எடுத்தவுடன் உறையில் போட வேண்டாம். ஒரு நாள் வெள்ளைத்தாள் மூடிக் காய விட்டு, பிறகு போடுங்கள். காய்ந்தபின் வெளியே கிடக்கவும் கூடாது. காற்றில் உள்ள ஓசோனே சாய மையை வெளுக்கச் செய்யும்.

பூச்சிக்காக அந்துருண்டை போடாதீர்கள், அந்த ஆவி பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், ஆளுக்கும் ஆகாது. ராமபாணப் பூச்சி ஜெலட்டினையும் தாளையும் அரிக்கும். ஈரம் இல்லாமல், தூசி இல்லாமல் இருந்தால் அது வராது. சிலிக்கா ஜெல் போடலாம், படத்தைத் தொடாமல். ஈரம் குடித்த பாக்கெட்டை மாற்றாமல் வைத்திருந்தால் பயன் இல்லை.

அப்புறம், யார், எங்கே, எப்போது என்பதை இப்போதே எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போது உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். இது உறையைவிட அவசரம். ஆனால் படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனா வேண்டாம். சாய்த்துப் பார்த்தால் எழுத்து முன்பக்கம் முகத்தின் மேல் மேடாகத் தெரியும். பழைய வெறும் தாள் படமென்றால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதலாம். பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சில் பிடிக்காது, மை உலராமல் அடுத்த படத்தின் முகத்தில் பதியும். உறையின் மேல் எழுதுங்கள், அதுவும் படத்தை உள்ளே போடுவதற்கு முன்னால்.

காகிதக்கப்பல்:
ஸ்கிராப்புக்கில் ஒட்டுவது அசல் படமா, நகலா? இதை முன்பே முடிவு செய்தால் பிரித்து வைக்க வசதி.

இருட்டறை:
நகல். அசலை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். அதே அளவில் மறுபடி பிரிண்ட் போட 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் போதும், சின்னப் படத்தைப் பெரிதாக்க 600.

தாள்பேனா:
இதில் நான் அண்ணாவோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. பழைய பிரிண்டின் தாளும், அலை அலையாக வெட்டிய ஓரமும், பின்னால் உள்ள கையெழுத்தும் நகலில் வராது. பேரப்பிள்ளைகள் புரட்டும்போது உண்மையான ஒரு படமாவது கையில் படட்டும். பக்கத்துக்கு ஒரு அசல், அதுவும் மூலைப்பொறியில் (படத்தின் மூலைகளை மட்டும் பிடிக்கும் சின்ன உறை) சொருகி, பசை படாமல். எப்போது வேண்டுமானாலும் கழற்றி எடுக்கலாம்.

இருட்டறை:
மூலைப்பொறி என்றால் சம்மதம். ஆனால் வேறு பிரதி இல்லாத படம், நெகட்டிவ் தொலைந்த படம், ஏற்கனவே சிவந்துபோன கலர் பிரிண்ட், இவை பெட்டியை விட்டு வரக் கூடாது. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காகிதக்கப்பல்:
அப்படியே செய்கிறேன். இரண்டு பெட்டி. "பெட்டியை விட்டு வராதவை" ஒன்று, "மூலைப்பொறிக்குத் தகுதியானவை" இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு உட்கார்ந்து பெயர் எழுத ஆரம்பிக்கிறோம். ரப்பர் பேண்டு எல்லாம் அன்றைக்கே போய்விட்டது. கடைசியாக ஒன்று: டப்பாவின் அடியில் நெகட்டிவ் கட்டு ஒன்றும் இருந்தது. திறந்தால் காடி போலப் புளித்த வாடை அடிக்கிறது. படங்களோடு வைக்கலாமா?

சுவடிக்காவல்:
வேண்டாம், உடனே வேறு அறைக்கு மாற்றுங்கள். அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, வாடை அசிடிக் அமிலம். அது பக்கத்தில் உள்ள நல்ல ஃபிலிமையும் பிரிண்டையும் பாதிக்கும். காற்றுப் படும் காகித உறையில் தனித்தனியாகப் போடுங்கள். இன்னும் வளையாமல் தட்டையாக இருந்தால் முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டியது இவற்றைத்தான், மற்றவை காத்திருக்கலாம்.